செயலாளரின் ஆண்டறிக்கை: பலிபீடத்துக் கரி சொன்ன சேதி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்வெட்டு வாசிப்பு வகுப்பு வழக்கம்போல் நடந்தது. நூலகத்துக்கு அலமாரி வாங்கியாயிற்று. மாதக் கூட்டங்களுக்கு, சென்ற பொதுக்குழு முடிவின்படி, பழங்கால வழிபாட்டுப் படையல்களை வேதியியல் கொண்டு கண்டறிவது என்ற பொருளை எடுத்துக்கொண்டோம்.

அதிகம் பேசப்பட்டது இஸ்ரேலின் தெல் அராத். நெகேவ் பாலைவனத்தையொட்டிய அந்தக் கோட்டைக்குள், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா அரசு காலத்துச் சிறு கோயில் ஒன்று இருந்தது, கி.மு. 8ஆம் நூற்றாண்டு. கருவறை வாசலில் இரண்டு சுண்ணாம்புக்கல் பலிபீடங்கள் 1960களிலேயே கிடைத்துவிட்டன. மேலே கறுப்பாக ஒட்டியிருந்தது என்ன என்பதுதான் பிடிபடவில்லை. 2020இல் வெளியான ஆய்வு அதை வாயு நிறப்பிரிகையாலும் நிறைமாலைமானியாலும், அதாவது கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவிகளால், ஆராய்ந்து பார்த்தது.

பெரிய பீடத்தில் குந்திரிக்கம் என்ற மணப்பிசினின் அடையாளமான போஸ்வெல்லிக் அமிலம், கூடவே விலங்குக் கொழுப்பு. சின்னப் பீடத்தில் கஞ்சாவின் டி.எச்.சி. (போதை தருவது இதுதான்), சி.பி.டி. போன்ற சேர்மங்கள், கூடவே சாணம்! கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கலவையைக் கவனித்தால் செய்தவர்களின் கைப்பக்குவம் தெரியும். குந்திரிக்கம் மணக்க நல்ல சூடு வேண்டும், அதற்குக் கொழுப்பு. கஞ்சாவை அப்படி எரித்தால் வெறும் புகைதான் மிஞ்சும். சாணம் நம் வறட்டி மாதிரி நின்று மெதுவாகக் கனலும்.

குந்திரிக்கம் தென் அரேபியாவிலிருந்து வந்திருக்க வேண்டும். விவிலியம் அதைப் பலமுறை சொல்கிறது. கஞ்சாவைப் பற்றி அதில் தெளிவான பேச்சே இல்லை. போதைக்காகவேதான் புகைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மணத்துக்காக இருக்கக்கூடாதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் விடாமல் வாதாடினார். மணம் மட்டும் வேண்டுமென்றால் பக்கத்துப் பீடமே போதுமே என்பது என் கட்சி. ஆனாலும், எந்த மந்திரத்தோடு, யார் முன்னிலையில் என்பதை எந்தக் கருவியும் சொல்லப்போவதில்லை. அந்த அளவில் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எகிப்தின் பெஸ் தெய்வ முகம் பொறித்த பழங்காலக் குவளையில் ஒட்டியிருந்த எச்சத்தை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டதைப் பற்றியும் ஒரு கூட்டம் போட்டோம். அன்று மின்சாரம் போய்விட்டதால் படங்களைக் காட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

களப்பயணம் போகிறவர்களுக்கு ஒன்று: பானை ஓடு கண்ணில் பட்டால் எடுக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கழுவினால் ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் எச்சம் போய்விடக்கூடும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே அவரைப் பார்த்துவிடவும்.