முகத்துவாரத்து மணலுக்கு ஒரு கயிறு கட்டுங்கள்

இராமநாதபுரம் மாவட்ட வனத்துறை அலுவலர்களுக்கு, வணக்கம்.

தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025 ஜூனில் சரணாலயம் அறிவித்தீர்கள். பறவை பார்க்கும் எங்களுக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. அந்த நன்றியோடுதான், மணலில் முட்டையிடும் ஒரு சின்னப் பறவைக்காக இன்னொன்று கேட்கிறோம்.

பங்குனி பிறந்தால் நண்பர்கள் சேர்ந்து ஆற்றங்கரை என்ற ஊருக்குப் போவோம். வைகைத் தண்ணீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். மிஞ்சியது வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், சேர்வது இங்கேதான். அந்த நேரத்தில் சேற்றில் உள்ளான் பறவைகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும். அதில் மூக்கு வளைந்த ஒரு வகைக்கு மார்புச் சாம்பல் மாறிச் செங்கல் நிறம் ஏறியிருக்கும். சைபீரியாவின் வடகோடி வரை பறக்க வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு தீனி.

கிளம்பிப் போகிற பறவைகளை எல்லோரும் பார்க்கிறோம். இங்கேயே தங்கி வெயிலில் குஞ்சு பொரிக்கிறவை கண்ணில் படுவதில்லை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய உப்புக்கொத்தி ஒன்று உண்டு. அது தனி இனம்தான் என்று 2023-இல் ஆய்வாளர்கள் மறுபடி உறுதிசெய்தார்கள். அனுமன் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை.

அது கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் சின்னக் குழி, அதில் இரண்டு மூன்று முட்டை, கரும்புள்ளி தெளித்த மணல் நிறம். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை சிறகு ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு ஓடி நம்மைத் தன் பின்னால் வரவைக்கும். ஜீப்பின் சக்கரத்தை அப்படித் திருப்ப அதனால் முடியாது. டிரோன் மேலே சுற்றினால் தாய் எழுந்துவிடும். நண்பகல் மணல் சூட்டில் முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துப்போகும்.

அதனால் பங்குனி முதல் ஆடி வரை முகத்துவாரத்தின் உலர்ந்த மணலில் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். தமிழில் ஒரு பலகை வையுங்கள். தனுஷ்கோடியிலும் வண்டிகள் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது. வள்ளம் இறக்கும் பாதையை மட்டும் மறிக்க வேண்டாம். எங்கே முட்டை கிடக்கிறது என்று கரைவலை இழுப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், முதலில் அவர்களைக் கேளுங்கள். அப்புறம், கேமராவோடு வரும் எங்களையும் அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும்.

கம்பு நடவும் ஞாயிற்றுக்கிழமைகளில் காவல் நிற்கவும் நாங்கள் வருகிறோம். சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பறவை பார்க்கும் நண்பர்கள்