கிளட்ச் ஏன் போனது என்று எழுதிக் கொடுங்கள்: கார் நிறுவனங்களின் வாரண்டிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

கார் நிறுவனங்களின் வாரண்டிப் பிரிவு அதிகாரிகளுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சர்வீஸ் சென்டர் மேலாளர்களுக்கும் வணக்கம்.

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத காரில் கிளட்ச் போய்விட்டது என்று வருகிறவரிடம் நீங்கள் சொல்கிற முதல் வார்த்தை 'டிரைவிங் ஃபால்ட்'. கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால், பெடலை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வார்த்தை வந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறவன். வீட்டுக்காக வாங்கிய சின்ன கார், பத்தாயிரம் கிலோமீட்டரைத் தொடுவதற்குள் இழுவை விட்டுப்போனது. நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று கிளம்பினால் தீய்ந்த வாடை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். அட்வைசர் தம்பி நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல லேடீஸ் ஓட்டுறாங்களா சார்?" அடுத்தது, "கிளட்ச் மேலயே கால் வச்சிருப்பீங்களா?" நாங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) 'ஹாஃப் கிளட்ச் டிரைவிங்', அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவது, என்று ஏறிவிட்டது. என் மனைவி பக்கத்தில்தான் நின்றார். அந்தக் காரை அதிகம் ஓட்டுவது அவர்தான், என்னைவிட நிதானமாக ஓட்டுகிறவரும் அவர்தான். அந்தக் கேள்வி அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று கேட்டவருக்குத் தெரியாது. எந்தச் சர்வீஸ் சென்டரிலும் இனி அதை யாரும் கேட்கக் கூடாது.

ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டினால் பிளேட் சீக்கிரம் தேயும் என்பதை நான் மறுக்கவில்லை. கேஜ் வீல் மாட்டி, முழங்கால் சேற்றில் தொளி அடிக்கிற டிராக்டரை ஓட்டிப் பழகிய ஊர் இது. கிளட்சை எப்போது மிதிக்க வேண்டும், எப்போது முழுசாக விட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த டிராக்டர் பிளேட்டே பல சாகுபடி தாங்குகிறது. டெல்டாவில் மலைப்பாதையும் கிடையாது. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம், இல்லாவிட்டால் வயல் பாதையிலிருந்து கரைச் சாலைக்கு ஏறுகிற இடம். சம்பா அறுவடையில் மட்டும் வண்டி ஊர்ந்துதான் போகும். பாதி ரோட்டில் நெல் காயும், முன்னால் அறுவடை மெஷின் போகும், கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் இந்த ரோட்டில் ஓட்டுவதற்குத்தானே இங்கே ஷோரூம் திறந்து இந்தக் காரை விற்கிறீர்கள்? சரியாக அமைந்த கிளட்ச் சாதாரணமாக 60,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும் என்று உங்கள் மெக்கானிக்குகளே சொல்கிறார்கள். அதில் ஆறில் ஒரு பங்குகூட ஓடாமல் போனால், ஓட்டியவரின் காலைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம் என்று தேடிப் பார்ப்பதுதான் முறை.

வேறு காரணங்கள் என்னென்ன என்று உங்களுக்கே தெரியும். இதைப் படிக்கிற மற்ற கார்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெடலை விட்டதும் பிரஷர் பிளேட் தன் ஸ்பிரிங் பலத்தால் கிளட்ச் பிளேட்டை, இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீலோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கருகும். பிடி தளர்வதற்கு ஓட்டுகிறவரின் கால் ஒரு காரணம். பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன் பெடல் சும்மா இறங்குகிற சிறு இடைவெளி) இல்லாமல் செட் செய்திருந்தால் யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும். பெடல் அமுக்கத்தைத் திரவ அழுத்தத்தால் கிளட்சுக்குக் கடத்துகிற ஹைட்ராலிக் சிலிண்டர் முழுசாகத் திரும்பி வராவிட்டாலும் அதே கதி. பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் பலவீனமாக வந்திருக்கலாம். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலிலோ கியர்பாக்ஸ் சீலிலோ கசிவு இருந்தால் ஆயில் பிளேட்டில் பட்டுப் பிடியைக் கெடுக்கும். இவற்றில் எது நடந்தாலும் கடைசியில் கையில் கிடைப்பது கருகிய பிளேட்தான். பிளேட் கருகியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து யார் தப்பு என்று முடிவு கட்ட முடியாது. சுற்றியுள்ள பாகங்களைப் பார்த்தால்தான் தெரியும். அதிலும் ஃப்ரீ பிளேயையும் சிலிண்டரையும் கழற்றுவதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும். கழற்றிய பிறகு அந்தத் தடயம் கிடைக்காது.

எங்கள் காரில் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், 'வாரண்டி கிடைக்காவிட்டால் லேபர் உட்பட முழுச் செலவும் நானே தருகிறேன்' என்று கையெழுத்து வாங்கினார்கள். இறக்குகிற நேரத்தில் நான் கூட இருப்பேன் என்று கேட்டேன், சம்மதித்தார்கள். அதற்கு நன்றி. பிளேட்டின் ஓரத்தில் ஈரப் பளபளப்பு இருந்தது. "கழட்டும்போது சிந்தினதுங்க" என்றார் மெக்கானிக். டார்ச் வாங்கி, கிளட்சை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்குக்குள் அடித்துப் பார்த்தேன். அடிப்பாகத்தில் பிளேட் தூளும் ஆயிலும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக இறுகிக் கிடந்தது, நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. காலையில் சிந்திய ஆயில் மத்தியானத்துக்குள் அப்படி இறுகாது. அது மாதக்கணக்காகக் கசிந்த ஆயில். மெக்கானிக்கும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆயில் சீலை வாரண்டியில், பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்கு மேல் என் தலையில் பில் போட்டார்கள். சீல் பழுது என்று உங்கள் ஜாப் கார்டே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சீல் கசிந்து கெடுத்த பிளேட் மட்டும் எப்படி என் குற்றமாகும்? மேலாளரிடம் கேட்டேன். "கிளட்ச் பிளேட் தேய்மான உதிரி சார், கம்பெனி பாலிசி" என்றார். பிரேக் பேடு, வைப்பர் ரப்பர் போலக் கிளட்ச் பிளேட்டும் தேயத்தான் செய்யும். தேய்ந்து போனதற்கு நான் காசு கேட்கவில்லை. தேய வேண்டிய காலம் வராமலே, உங்கள் பாகத்தின் கோளாறால் கெட்டுப்போனதற்குத்தான் கேட்கிறேன். பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் அதே தேய்மானக் கணக்கில் சேர்த்ததற்கு அவரிடமும் விளக்கம் இல்லை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். சோதித்தால்தான் தெரியும் என்கிற குறைபாடாக இருந்தால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப 38ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த ஆய்வுச் செலவை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். அதையும் கட்டிவிடலாம். ஆனால் கழற்றிய பிளேட் அன்றைக்கே உங்கள் ஸ்கிராப் தொட்டிக்குப் போய்விட்டால் எதை அனுப்புவது? பெரும்பாலான கார்க்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். வழக்கில் நியாயம் இருந்தும் கையில் பொருள் இருக்காது.

அதனால் நான் கேட்பது இதுதான். கழற்றிப் பார்ப்பதற்கு முன் ஜாப் கார்டில் ஓட்டுநரின் தப்பு என்று எழுதாதீர்கள். வாடிக்கையாளர் சொன்ன அறிகுறியை மட்டும் எழுதுங்கள். கழற்றுவதற்கு முன் ஃப்ரீ பிளேயையும் ஹைட்ராலிக்கையும் சோதித்து அளவைக் குறியுங்கள். கழற்றும்போது பிளேட்டின் இரண்டு பக்கம், ஃப்ளைவீல் முகம், சீல்கள், ஹவுசிங் உட்புறம் எல்லாவற்றையும் படம் எடுத்து வாடிக்கையாளருக்கும் அனுப்புங்கள். இப்போது கையில் போன் இல்லாத மெக்கானிக் கிடையாது, இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுத்தில், கையெழுத்தோடு கொடுங்கள். 'கம்பெனி பாலிசி' என்பது காரணம் ஆகாது. புது பாகத்துக்குக் காசு வாங்கிவிட்டால் பழைய பாகம் வாடிக்கையாளருடையது, கேட்காமலே பையில் போட்டுக் கொடுங்கள். வாரண்டியில் மாற்றிய ஒரு பாகத்தின் பழுதால் இன்னொன்று கெட்டிருந்தால் அதையும் வாரண்டியில் சேருங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிச் சண்டை வராது.

மற்ற கார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கியர்பாக்ஸ் இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பிளேட்டை விட்டுவிட்டு வராதீர்கள். சர்வீஸ் சென்டரில் பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

எங்கள் காரின் பழைய பிளேட், பிரஷர் பிளேட், களிம்பு படிந்த ஹவுசிங்கின் படங்கள், சீல் வாரண்டியில் மாறியதைக் காட்டும் ஜாப் கார்டு நான்கும் என்னிடம் இருக்கின்றன. நிறுவனத்தின் பொறியாளர் யாராவது நேரில் வந்து பார்ப்பதானால் எந்த நாளும் வரலாம். பார்த்துவிட்டு, கிளட்ச் ஏன் போனது என்று எழுதிக் கொடுக்கட்டும். எழுத்தில் பதில் வராவிட்டால் இதே நான்கையும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்து விவசாயி ஒருவர்