‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உதகை, குன்னூர், கோத்தகிரிக் கடைகளின் பில்களில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தையல் விட்ட கம்பளி ஆடையைக்கூட மாற்றிக் கேட்கத் தயங்குவோர் பலர். நல்ல நிலையிலுள்ள பொருள் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் பொதுவான உரிமை நமக்குச் சட்டத்தில் இல்லை; அது கடைக்காரரின் விருப்பம். இதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளோ, காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. பில் தராமல் இருப்பதும் அவ்வாறே.

இணையவழி விற்பனையில் எங்கள் சிரமம் வேறு. பொருளைக் கொண்டுவந்து தரும் நிறுவனம், அதையே திருப்பி அனுப்பும்போது ‘உங்கள் அஞ்சல் குறியீட்டுப் பகுதிக்கு வந்து எடுக்கும் வசதி இல்லை’ என்கிறது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளை விற்பனையாளர் ஏற்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கூறும்போது, மலையில் வசிப்பதால் மட்டும் அந்த உரிமை எங்களுக்கு எட்டாமல் போவது பெரும் அநீதி.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக்குக் கட்டணமில்லை. இவ்விவரங்களைக் கடைவீதிகளிலும் பேருந்து நிலையங்களிலும் தமிழில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோத்தகிரி