பாம்பில் இரண்டு ‘ப’

வின்னிபெக், கனடா
ஜனவரி 22

அன்புள்ள அம்மாவுக்கு,

பொங்கலுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. போனில்தான் பேசுகிறோமே என்று மூன்று மாதமாக எழுதாமலே இருந்துவிட்டேன். திட்டாதே.

இன்றைக்குக் குளிர் மைனஸ் 31. இட்லி மாவு புளிக்க, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்கப் பாத்திரத்தை உள்ளே வைக்கிறேன். நேற்று அது தெரியாமல் இவர் ஓவனைச் சூடாக்கிவிட்டார். மாவு களியாகிவிட்டது.

பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் என்ன பாடம் என்று கேட்டிருந்தாய். இங்கே அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஜனவரியிலும் ஜூனிலும் மாகாண அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்பது இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். தமிழை நானாகக் கடைசியில் சேர்த்து எழுதினேன்.

காலையில் இங்கிலீஷ், மத்தியானம் தமிழ் என்று வைத்த திட்டம் ரெண்டு வாரம் ஓடியது. அப்புறம் ஒருநாள் பெரியவள் ‘பாம்பு’ என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். “ரெண்டும் ஒரே எழுத்துதானே, ரெண்டாவது ‘ப’வை மட்டும் ஏன் வேற மாதிரி சொல்றே?” இத்தனை வருஷம் பாம்பு பாம்பு என்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கே காதில் விழுந்தது! முன்னால் ‘ம்’ நின்றால் ‘ப’ குழைந்துவிடும் என்று சமாளித்தேன். சின்னவன் அதற்கு மேல். புத்தகத்தில் ‘வந்துவிட்டேன்’, நான் சொல்வது ‘வந்துட்டேன்’. “நீ பேசுற தமிழ் ஒண்ணு, புக் தமிழ் ஒண்ணு, இங்கிலீஷ் ஒண்ணு. மூணு படிக்கச் சொல்லிட்டு ரெண்டுன்னு சொல்றே!” அறிக்கையில் இதை எப்படி எழுதுவது, சொல்லு.

பக்கத்து வீட்டு உக்ரைன் பாட்டி இந்தக் குளிரிலும் வீட்டுச் செருப்போடு வந்து வாசலில் பனி தள்ளுவார். உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று கொண்டுவருவார். வேறு யார் வருகிறார்கள் இந்தப் பனியில். இங்கேயே பிறந்தவர். உக்ரைன் பாஷை பேசுவார், வாசிக்க வராது. அவருடைய பாட்டி ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறதாம். ஒன்றையும் வாசித்ததில்லை.

அவர் இதைச் சொன்ன அன்று ராத்திரி உன் கடிதத்தைப் பெரியவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நாலு வரி நன்றாகப் போனாள். ‘கிணற்றடி’யில் நின்றுவிட்டாள். கிணறு பார்த்ததில்லையே அவள். நம் வாளி, துவைக்கிற கல், செம்பருத்தி எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் குரல் வரவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

இவருக்கு இப்போது வாரம் நாலு நாள்தான் வேலை. பிள்ளைகளோடு இருக்க நேரம் கிடைக்கிறது, நல்லதுதான். மே மாதம் வருவதை அடுத்த வருஷம் பார்க்கலாம். அத்தையிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

மாடி ஒழுகலுக்குக் கொத்தனாரிடம் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல். போன தடவை பட்டது போதும். தோட்டத்துப் பத்திரத்துக்கு என் கையெழுத்து வேண்டுமென்றால் தபாலில் அனுப்பட்டும். மேலத்தெருவில் பெண் ஜாதகம் கொடுத்தார்களா?

அப்புறம், அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. உன் ‘மு’வும் ‘ழு’வும் ஒரே மாதிரி இருக்கிறதாம், உன் பேத்தி புகார்.

உன் மகள்