செயலாளர் ஆண்டறிக்கை: கோல்ஃப் ஸ்விங் பயிற்சிக்கென்று ஒதுக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் கோல்ஃப் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே பணத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். உறுப்பினர்களுக்குள் நடக்கும் போட்டிகளை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு, ஸ்விங்கை, அதாவது மட்டையைச் சுழற்றி அடிக்கும் அசைவை, சீர்ப்படுத்தும் டிரில்களுக்கு மட்டும் திடலைப் பயன்படுத்துவது என்று. “ஆடாமல் எப்படிங்க ஆட்டம் வரும்?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அப்போதே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆண்டு முடிந்த பிறகு என் கருத்து இது: தீர்மானம் சரியானது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான விளக்கம்.

நம் திடல் மாந்தோப்பை ஒட்டிய செம்மண் தரிசு. கடைசியில் நைலான் வலை கட்டியிருக்கிறோம். அடித்த பந்து கொஞ்ச தூரத்திலேயே வலையில் விழுந்துவிடும். எவ்வளவு தூரம் போயிருக்கும், எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று தெரியாது. முன்பெல்லாம் இதை ஒரு குறையாகவே பேசிக்கொண்டிருந்தோம். கூடை கூடையாகப் பந்தைக் கொட்டி அடித்துவிட்டு, வியர்த்து வீட்டுக்குப் போவோம். தப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. மட்டையின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் யாராலும் எதையும் திருத்த முடியாது. திருத்துவதெல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். பந்து போன திசையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மட்டை விட்டுச்சென்ற தடயத்தைப் பார்க்க வேண்டும் என்று நம் பயிற்சியாளர் சொன்னதிலிருந்துதான் இந்த ஆண்டு உண்மையில் தொடங்கியது. பெங்களூரில் பல காலம் கேடியாக, அதாவது ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து உதவுபவராக, இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். ஆயிரம் பேருடைய ஸ்விங்கைப் பக்கத்தில் நின்று பார்த்த கண்.

முதலில் வந்தது கோலமாவுக் கோடு. இலக்குக்குக் குறுக்காகத் தரையில் கோலமாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பந்து வேண்டாம். பந்து அந்தக் கோட்டின் மேல் இருப்பதாக நினைத்து நின்று, 7 ஐயனால் (நடுத்தர தூரத்துக்கான இரும்புத்தலை மட்டை) அரை ஸ்விங் போட வேண்டும். அப்புறம் குனிந்து, மட்டை மண்ணைக் கீறிய இடத்தைப் பார்க்க வேண்டும். கீறல் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கமாகப் போயிருந்தால் சரி. கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கியிருந்தால், பந்து இருந்திருந்தாலும் மண்ணைத்தான் முதலில் அடித்திருப்போம். கீறலே இல்லை என்றால் பந்தின் தலையில் தட்டியிருப்போம். இவ்வளவுதான் டிரில். முதல் வாரம் பாதிப்பேரின் கீறல் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களுக்கும்கூட.

காரணம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பந்தை நாம் தூக்கிவிட வேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்பில் உடல் பின்னால் சாய்கிறது, எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது. (வலக்கைக்காரர்களை வைத்துச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.) பந்தைத் தூக்கும் வேலையை மட்டையின் சாய்வு பார்த்துக்கொள்ளும். நம்மிடம் இருக்கும் பழைய செட்டுகளில் 7 ஐயனின் முகம் சுமார் 35 டிகிரி சாய்ந்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது எடையை இடது காலுக்குக் கொண்டுவருவதும், பந்தைத் தொடும் நேரத்தில் கைகள் மட்டையின் தலைக்குச் சற்று முன்னால் இருப்பதும்தான். டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் பின்காலில் நின்று சிக்ஸர் தூக்கிப் பழகியவர்கள் நம்மில் அதிகம் என்பதால், இந்தப் பழக்கத்தை உடைக்க மாதங்கள் ஆயின. உடைந்தது. இப்போது திடலுக்கு வரும் பலரின் கீறல் கோட்டுக்கு முன்னால் இருக்கிறது. இந்த ஆண்டின் பெரிய வரவு அதுதான் என்று நினைக்கிறேன்.

இதையொட்டி நிர்வாகக் குழு எடுத்த முடிவு ஒன்று உங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. செயற்கைப் புல் பாய்களை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டோம். பாயின் மேல் பந்துக்குப் பின்னால் அடித்தாலும் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும், சத்தமும் நன்றாகவே கேட்கும். அடித்தவர் நல்ல அடி என்று நம்பிவிடுவார். மண் அப்படி மறைக்காது. ஆனால் நம் மண்ணில் கல் அதிகம், மட்டை முகம் சிதையும். அதனால் சனிக்கிழமைதோறும் இளைஞர் குழு அந்த இடத்தைச் சலித்துக் கல் பொறுக்கிக் கொடுத்தது. மண்ணில் அடிக்கவென்றே பழைய ஐயன்களைத் தனியாக வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் மட்டும் பாயை விரிக்கலாம்.

மட்டையின் முகத்தில் பவுடர் தடவி அடிப்பது அடுத்தது. பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். நுனியிலா, கழுத்துப் பக்கமா, நடுவிலா என்று வாதாடத் தேவையில்லை. விலை மலிவு, பலன் உடனே தெரியும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மே கடைசியில் மாங்காய் அறுவடை தொடங்கியதும் திடலை வழக்கம்போல் தோப்புக்காரருக்கு விட்டுக்கொடுத்தோம். கிரேட்டுகளும் வண்டிகளும் நிற்கும் இடத்தில் மட்டையைச் சுழற்ற முடியாது. ஜூலை வரை அப்படித்தான். பயிற்சி நின்றுவிடுமோ என்று கவலைப்பட்டோம். பயிற்சியாளர் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்றைக் கொடுத்தனுப்பினார்.

ஒன்று சுவர் டிரில். பின்புறம் சுவரைத் தொடும்படி நின்று, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஸ்விங் போலவே உடலைத் திருப்ப வேண்டும். பின்னால் திரும்பும்போது வலப்பக்க இடுப்பு சுவரில் இருக்கும். முன்னால் திரும்பும்போது இடப்பக்கம் சுவருக்கு வர வேண்டும். சுவரை விட்டு விலகினால், பந்தை அடிக்கும்போது இடுப்பு பந்தை நோக்கித் தள்ளப்படுகிறது என்று பொருள். கைகளுக்கு இடமில்லாமல் போவதே அதனால்தான். இரண்டாவது, மட்டையைத் தலைகீழாகப் பிடித்து மொட்டை மாடியில் வீசுவது. ‘விஷ்’ என்ற சத்தம் பந்து இருக்க வேண்டிய இடத்திலோ அதற்கு அப்பாலோ கேட்க வேண்டும். தோளுக்கு மேலேயே கேட்டுவிட்டால் வேகத்தை அங்கேயே செலவழித்துவிட்டோம். மூன்றாவது, கால்களைச் சேர்த்து வைத்து அரை ஸ்விங். கையால் இழுத்து அடிப்பவர் தடுமாறிவிடுவார், உடலோடு சுழல்பவர் நிற்பார்.

ஆகஸ்டில் திடல் திறந்தபோது, இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர்கள் யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பந்தில்லாத பயிற்சியை நாம் எல்லோருமே குறைவாக மதிக்கிறோம். பந்து எதிரே இருந்தால் மனம் அதன்மேல் போய்விடுகிறது, உடல் பழைய வழியில் ஓடிவிடுகிறது. பந்தை எடுத்துவிட்டால்தான் புதிய அசைவுக்கு இடம் கிடைக்கிறது.

தாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னணி ஆட்டக்காரர்கள் பலருக்கு மட்டையை மேலே கொண்டுபோக ஆகும் நேரம், கீழே வந்து பந்தைத் தொட ஆகும் நேரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு. வேகமாக ஆடுபவருக்கும் நிதானமாக ஆடுபவருக்கும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. நம் உறுப்பினர்களில் தவில் வாசிக்கும் தம்பி ஒருவர் இதைக் கேட்டதும் “அப்போ தகதிமிதாண்ணே” என்றார். த, க, தி என்று மேலே, மி என்றதும் பந்து. அன்று முதல் திடலில் இந்த எண்ணிக்கைதான். மேலே போவதற்குள் அவசரப்பட்டுத் திரும்பிவிடும் பழக்கம் பலருக்கு இதனால் குறைந்தது. ஆங்கிலத்தில் ஒன், டூ என்று எண்ணிய காலத்தில் இது நடக்கவில்லை.

ஸ்லைஸ், அதாவது வலப்பக்கம் வளைந்து போகும் அடி, நம் சங்கத்தின் பொது வியாதி. பந்து கிளம்பும் திசையை முக்கால் பங்கு அளவுக்கு முடிவு செய்வது மட்டையின் முகம். மட்டை வீசப்படும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் பந்தை வளைக்கிறது. ஆகவே முதலில் பிடியைப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு, மூன்று கணுக்கள் தெரிய வேண்டும். அப்புறம் பாதை. பந்துக்குச் சற்றுப் பின்னால், நமக்கு அப்பாலுள்ள பக்கத்தில் ஒரு காலி தண்ணீர் பாட்டிலை நிறுத்தி, அதைத் தட்டாமல் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வெட்டுபவர் பாட்டிலைத்தான் அடிப்பார். பிடியைச் சரிசெய்யாமல் நேராகப் பாட்டிலுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அறிக்கை மூலமாகவும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்: பிடி முதலில்.

அக்டோபர் வாக்கில் ஒரு பிரச்சினை வந்தது. ஒரே டிரிலை ஒரே மட்டையால் திரும்பத் திரும்பச் செய்து திடலில் அழகாக அடித்தவர்கள், பெங்களூர்ப் பக்கத்து மைதானம் ஒன்றுக்குக் காசு கட்டி ஆடப்போனபோது திணறினார்கள். இதற்கு ஆராய்ச்சியிலேயே விளக்கம் உண்டு. 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் கை அசைவுகளைக் கற்பது பற்றிச் சோதனை செய்தார்கள். ஒரே அசைவை அடுத்தடுத்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். அசைவுகளைக் கலந்து செய்தவர்கள் அப்போது பின்தங்கினாலும், சில நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே மேலாக இருந்தார்கள். அதனால் நவம்பரிலிருந்து முறையை மாற்றினோம். முதல் பாதி டிரில். இரண்டாம் பாதியில் ஒவ்வொரு பந்துக்கும் மட்டை மாற வேண்டும், இலக்கு மாற வேண்டும், ஒவ்வொரு முறையும் பின்னால் போய் நின்று புதிதாக வந்து நிற்க வேண்டும். அடி எண்ணிக்கை குறைகிறது என்று முணுமுணுப்பு இருக்கிறது. குறையட்டும். முழங்கையின் உட்பக்க வலியும் இடுப்பு வலியும் குறைந்திருக்கின்றன. காலையில் உடலைச் சூடாக்காமல் டிரைவரை (தூரம் அடிக்கும் நீண்ட மட்டையை) தூக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டால் இன்னும் குறையும்.

மைதானத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விதி: ஆட்டத்தின் நடுவே பந்தில்லாமல் மட்டையை வீசிப் பார்க்கலாம். திசைக்குச்சி, மட்டைத் தலைக்கு மாட்டும் எடை கூட்டிய உறை போன்ற பயிற்சிக் கருவிகளை வைத்து வீசக்கூடாது. முதல் முறை தண்டனையாக அடி எண்ணிக்கையில் இரண்டு கூட்டப்படும், மறுமுறை ஆட்டத்திலிருந்தே நீக்கம். நிற்கும் திசைக்குத் துணையாகத் தரையில் மட்டையைக் கிடத்தி வைப்பதும் 2019 முதல் கூடாது. நம் திடலில் இவையெல்லாம் தினமும் செய்வதால் பழக்கத்தில் கை போய்விடும்.

பிள்ளைகள் பிரிவு இந்த ஆண்டு நன்றாக வளர்ந்தது. அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகள் ஞாயிறுதோறும் வருகிறார்கள். பெரியவர்களின் நீண்ட மட்டையைக் கொடுத்தால் அந்த எடையைச் சமாளிக்கவே அவர்களின் ஸ்விங் கோணிவிடும். அதனால் இலேசான சிறிய மட்டைகளைப் பெங்களூர் நண்பர்கள் மூலம் பழைய விலைக்கு வாங்கினோம். அவர்களுக்கு முதலில் பட்டிங்தான், அதாவது பந்தைத் தரையோடு குழிக்கு உருட்டுவது. இரண்டு ஆணிகளுக்கு நடுவே பந்தைச் செலுத்தும் வாசல் பயிற்சி. பள்ளி வராந்தாவிலேயே நடக்கிறது. பெங்களூரின் அதிதி அசோக் ஐந்து வயதில் மட்டை பிடித்தவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தூரம் அடிப்பதில் பின்வரிசையில் இருந்தும் நான்காம் இடம் பிடித்தார். ஒரே ஒரு அடி கூடிப்போனதால் பதக்கம் கைநழுவியது. கொல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சவுராசியா 2016, 2017 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இந்தியன் ஓப்பனை வென்றார். இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, “இது பணக்காரங்க ஆட்டமாச்சே” என்று தயங்கும் பெற்றோர்களுக்கும் சொல்லி வருகிறோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு: அவருடைய குறை, அதற்கான டிரில், கீறலின் நிலை ஆகியவற்றைப் பயிற்சியாளர் எழுதித் தருவார். எல்லோரும் எல்லா டிரிலையும் செய்து நேரத்தைக் கரைப்பது இதனால் நிற்கும். அடுத்து, சிறுமிகள் உடை மாற்றவும் தண்ணீர் குடிக்கவும் ஒரு தகரக் கொட்டகை. மூன்றாவது, தள்ளிவைத்த உள்போட்டியை மாங்காய் அறுவடை முடிந்ததும் மீண்டும் தொடங்குவது. அதற்கான தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிவார்.

திடல் தந்த தோப்புக்காரருக்கும், கல் பொறுக்கிய தம்பிகளுக்கும், சம்பளம் என்று ஒன்றும் வாங்காமல் விடியற்காலையிலேயே வந்து நிற்கும் பயிற்சியாளர் அண்ணனுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையில் சேர்க்கவோ திருத்தவோ வேண்டியது இருந்தால் உறுப்பினர்கள் இப்போது தெரிவிக்கலாம். இல்லையென்றால் பொதுக்குழு இதை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்