ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம் போதும்: தலைமைக் காரியாலயத்துக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மின்னஞ்சலைத் திறமையாகக் கையாள்வது பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. அத்தனையும் ஸ்கேன் செய்த பக்கங்கள். மஸ்கெலியா மழையில் அது திறப்பதற்குள் ஒரு பிளேன்டி குடித்து முடித்துவிடலாம். நாளுக்கு இரண்டு தடவை மட்டும் மெயில் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான். அன்று பின்னேரமே உங்களிடமிருந்து போன்: “மெயில் பார்க்கலையா? கொழுந்துக் கணக்கு எங்கே?” அந்திக் கொழுந்து அப்போது நிறுத்து முடியவில்லை.

பிரச்சினை நாங்கள் பார்க்கும் விதத்தில் இல்லை, நீங்கள் அனுப்பும் விதத்தில் இருக்கிறது.

வேலையை விட்ட ஒரு அக்கா, சேமலாப நிதிக் காசுக்கு கே படிவம் கொடுத்திருந்தார். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவேட்டில், ஒரு பெயர்; அடையாள அட்டையில் வேறு எழுத்து. தோட்டத்தில் இது புதிதல்ல என்று உங்களுக்கே தெரியும். பெயரை உறுதிப்படுத்திக் கடிதம் கேட்டிருந்தீர்கள். எங்கே? பழைய வாராந்தக் கொழுந்துக் கணக்கு மெயிலுக்குப் போட்ட பதிலில், அதே தலைப்பில், உரக் கணக்குக்கும் லொறி வாடகைக்கும் கீழே. அதன்மேல் எல்லாத் தோட்டத்தாரும் “கிடைத்தது, நன்றி” என்று எல்லோருக்கும் பதில் போட்டுக் குவித்துவிட்டார்கள். அக்கா லயத்து வீட்டிலிருந்து ஏறி வந்து, காரியாலய ஜன்னலில் குடையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார்: “ஐயா, கடிதம் ஏதும் வந்துச்சா?” சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் வெட்டி, கம்பனியின் 12 வீதத்தோடு சேர்ந்த காசு அது. பிச்சை கேட்டு வரவில்லை அவர்.

ஆகவே கேட்பது இதுதான்: ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். என்ன விஷயம், எந்தத் திகதிக்குள் வேண்டும் என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். சம்பந்தப்படாத தோட்டங்களுக்குப் பிரதி வேண்டாம்.

10ஆம் திகதி சம்பளம் நெருங்கும்போது ஒரே பேர்க் கணக்கை, அதாவது யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்கை, உங்கள் மூன்று பிரிவுகள் தனித்தனியாகக் கேட்கின்றன. ஒரே மாடியில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதே இல்லையா? நீங்கள் நடுராத்திரியில் எழுதுவதைக் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி ஜிமெயிலில் 2019இலிருந்தே இருக்கிறது. ஆனி மாதக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் மெயில் அனுப்புவது எப்படி என்றும் ஒரு சுற்றறிக்கை போட்டால் புண்ணியமாகும். ஸ்கேன் செய்தே அனுப்புங்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சேமலாப நிதி விஷயங்களையாவது அடுத்த மாதத்திலிருந்து தனி மெயிலில், தனித் தலைப்பில் அனுப்புங்கள் என்று தயவாய்க் கேட்கிறேன்.

அக்காவின் கடிதத்தை நேற்று அனுப்பியிருக்கிறேன். தலைப்பு: ‘சேமலாப நிதி, பெயர்த் திருத்தம், அவசரம்’. பதில் போடும்போது அதற்குள் கொழுந்துக் கணக்குக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கர்