செஞ்சி போய் வந்தேன்

அன்புள்ள சேகர்,

நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, உன்னை அடிக்கடி விசாரிக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு செஞ்சிக்குப் போயிருந்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்களே, அந்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் பதினொன்று நீ இருக்கும் மகாராஷ்டிராவில், செஞ்சி ஒன்றுதான் நம் பக்கம்.

கோட்டையின் உயரமான மலையான ராஜகிரி எண்ணூறு அடி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, அதன் மேல் ஒரு பாலம். அதை மட்டும் எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யார் என்ன செய்துவிட முடியும் என்று நெடுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

சின்ன வயதில் கூத்தில் பார்த்த தேசிங்கு ராஜன் உனக்கு நினைவிருக்கும், பாராசாரிக் குதிரையும், கல்யாணத்தைப் பாதியில் விட்டு நண்பனுக்காகச் சண்டைக்கு வந்து செத்த மகமத்கானும். நான் தேசிங்கு ஏதோ ஐம்பது வருஷம் செஞ்சியை ஆண்டவர் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் ஓராண்டுகூட ஆளவில்லை, 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு மோதி உயிரை விட்டபோது வயது இருபத்திரண்டுதான் என்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன் நடந்ததை நம் ஊரில் யாரும் பாடுவதில்லை. 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். 1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, தம்பி ராஜாராம் மகாராஷ்டிராவிலிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்து செஞ்சியில்தான் தங்கினார். அடுத்த ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் படையோடு வந்து முற்றுகை போட்டார், 1698 வரை கோட்டை விழவில்லை! விழுவதற்குள் ராஜாராமும் நழுவிவிட்டார். கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஒரு மராட்டிய அரசு நம் மலை மேலிருந்து நடந்திருக்கிறது, சேகர். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிகிறது என்பது மனதை உறுத்துகிறது.

கீழே களஞ்சியங்களைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் உள்ளே இருந்தவர்கள் எதைத் தின்றிருப்பார்கள், வெளியே கிராமத்துக்காரன் எத்தனை அறுவடையைப் படைகளுக்குப் பறிகொடுத்திருப்பான் என்றே யோசனை ஓடியது.

நீ சிவாஜியின் தலைநகராயிருந்த ராய்கட் கோட்டைக்குப் போயிருக்கிறாயே, அங்கே யாராவது செஞ்சியைப் பற்றிப் பேசுகிறார்களா? கேட்டு எழுது. பொங்கலுக்கு வந்தால் சேர்ந்தே ஏறலாம். காலை எட்டு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருக்க வேண்டும், அப்புறம் பாறை சுட ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
முருகன்